பழைய பிரைட்லிங் எமர்ஜென்சி: ஆன்டெனாவை இழுத்துச் சோதிக்கலாமா?

அபாய சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் உள்ள பிரைட்லிங் எமர்ஜென்சி கைக்கடிகாரத்தை ஏலத்தில் எடுத்துவிட்டு, அது வேலை செய்கிறதா என்று ஆன்டெனாவை இழுத்துப் பார்க்கலாமா எனக் கேட்கிறீர்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள். மூடியைத் திருகி ஆன்டெனாவை வெளியே எடுத்தாலே கருவி அபாய சமிக்ஞை அனுப்பத் தொடங்கிவிடும். ஒரு நிமிடம்தானே என்று நினைக்கவேண்டாம். மேலே போகும் விமானங்கள் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசையைக் கேட்டுக்கொண்டேதான் பறக்கின்றன. பொய் அழைப்புக்கு மீட்புச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

ஏலத்தில் எடுத்தது தொண்ணூறுகளின் மாடல் என்கிறீர்கள். அப்படியென்றால் அதில் 121.5 மட்டும்தான். செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கவனிப்பதை 2009 பிப்ரவரி 1 அன்றே நிறுத்திவிட்டன. செயற்கைக்கோள்கள் இப்போது கவனிக்கும் 406 மெகாஹெர்ட்ஸும் சேர்ந்தது 2013இல் வந்த இரண்டாவது மாடலில். ஆகவே மலையேற்றத்துக்கு இதை நம்பிப் போகாதீர்கள், தனி பீக்கன் (அபாய சமிக்ஞை அனுப்பும் கருவி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் சரியாகக் காட்டுகிறது என்பதை வைத்து எதுவும் முடிவுசெய்ய முடியாது. கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி, டிரான்ஸ்மிட்டருக்கு வேறொன்று. பின்னது எப்போதோ செத்திருக்கலாம். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கொடுத்துப் பாருங்கள். தெருமுனைக் கடிகாரக்காரர் வேலை இல்லை இது. அப்புறம், விற்றவரிடம் ஆன்டெனா எப்போதாவது இழுக்கப்பட்டதா என்று கேட்டீர்களா? சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.