மூன்றாம் தடவை யாருடைய கணக்கில்?

கேள்வி: எங்கள் தோட்ட லயத்தில் காஸ் சிலிண்டர், காதுத்தோடு என்று கைவைத்தவன் மூன்றாவது தடவையும் பிடிபட்டு, 14 நாளில் திரும்பி வந்துவிட்டான். அமெரிக்காவைப் போல மூன்றாம் தடவைக்கு ஆயுள் சிறை என்று இங்கும் சட்டம் வேண்டாமா? (வாசகர், தலவாக்கலை)

பதில்: அவன் வந்திருப்பது பிணையில். வழக்கு இன்னும் முடியவில்லை. பிணையையும் விடுதலையையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் நீதவானைத் திட்டுகிறார்கள். வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்வான், சாட்சியை மிரட்டுவான் என்று நம்பக் காரணம் இருந்தால், 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி பிணையை மறுக்க முடியும். அந்தக் காரணத்தை மன்றில் யாராவது சொல்ல வேண்டுமே!

நீங்கள் சொல்லும் சட்டம் கலிபோர்னியாவில் 1994இல் வந்தது. மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு அதன்படி 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை. 2012இல் அந்த மாநில மக்களே வாக்களித்து, மூன்றாவது குற்றம் பாரதூரமானதாக இருக்க வேண்டும் என்று அதைத் தளர்த்தினார்கள். நம் இலங்கையில் 2 கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்று 1984 முதல் சட்டம் இருக்கிறது. தூள் நின்றதா?

உங்கள் மூன்று தடவைகளுக்கு வருகிறேன். முதல் தடவை தோட்டத் தலைவர் முன்னால் பேசி, பொருளைத் திருப்பிக் கொடுத்து முடித்திருப்பீர்கள். இரண்டாவது மத்தியஸ்த சபையில் சமாதானமாகியிருக்கும். இரண்டிலும் குற்றத்தீர்ப்பு கிடையாது. உங்களுக்கு மூன்றாவது, நீதவானுக்கு அது முதலாவது. இந்த இடத்தில்தான் எல்லாம் கோணலாகிறது. அதற்காகச் சின்னத் திருட்டுக்கெல்லாம் மறியலுக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. கொள்ளளவைப் போல இரு மடங்குக்கு மேல் ஆட்களை அடைத்து வைத்திருக்கும் சிறைக்குள் இளைஞன் ஒருவன் என்ன கற்றுக்கொண்டு வருவான் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முன்குற்றம் உண்மையிலேயே இருந்தால் அது பெயரை வைத்துத் தெரியவராது, கைவிரல் அடையாள அறிக்கையில்தான் தெரியவரும். ஒரே ஆள் ஒரு வழக்கில் தகப்பன் பெயரோடும் இன்னொன்றில் வீட்டுப் பெயரோடும், சிங்களத்தில் வேறு வேறு எழுத்தோடும் பதிவாகியிருப்பான். அறிக்கை வருமுன் தண்டனை விதித்தால் பழையது மறைந்துவிடும். 2 ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனையை, பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கு, ஒத்திவைக்க முடியும். அதற்குள் மறுபடி குற்றவாளியானால் பழைய தண்டனையும் சேர்ந்து விழ வேண்டும். அந்தப் பழைய வழக்கிலக்கத்தை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாததால்தான் பலர் தப்புகிறார்கள்.

காதுத்தோட்டை இழந்தவர் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லட்டும். வாசிக்கத் தெரியாத மொழியில் கையொப்பம் வைத்துவிட்டு, குறுக்கு விசாரணையில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் வழக்கு அங்கேயே சரிந்துவிடும். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து வைக்கட்டும். குற்றவாளி என்று தீர்ந்தபின், தண்டனைக்கு முன், தனக்கு நேர்ந்த பாதிப்பை மன்றில் சொல்லும் உரிமையும் அவருக்கு 2015 முதல் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் தவணைக்குத் தவணை அவர் மன்றில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) போகிறது, பஸ் காசு போகிறது. மூன்றாவது தவணையோடு பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தை லயத்தில் எல்லோரும் சேர்ந்து கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.