காலி கேலரியும் காம்பவுண்டு சுவரும்

கல்லூரி ஹாக்கிப் போட்டியை எந்த ஊரில் வைப்பது, ஆளை எப்படி வரவைப்பது என்று கேட்டு இந்த மாதம் மட்டும் ஒன்பது கடிதங்கள். போன இதழில் "ஹாக்கிக்கு நம் மாவட்டத்தில் ஆள் வராது என்பது சும்மா பேச்சு" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதன் வினை. 31 வருடம் கல்லூரியில் பி.டி. சாராக விசில் ஊதியவன் என்ற உரிமையில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டியை இந்த ஆண்டு நடத்தும் வாய்ப்பு எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கிறது. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் வைத்தால்தான் கௌரவம் என்கிறது நிர்வாகம். சொந்த மைதானமே போதும் என்கிறோம் நாங்கள். எது சரி சார்?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

சொந்த மைதானத்திலேயே வையுங்கள் தம்பி. கௌரவம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. தொண்ணூறுகளின் கடைசியில் நாங்களும் இப்படித்தான், கல்லூரி மைதானம் சின்னது என்று சொல்லி, ஒரு பெரிய ஊரில் பெரிய ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுத்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். இறுதிப்போட்டி காலை 11 மணிக்கு. சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்துவிட்டு, வேறு வேலை இல்லாமல் கேலரியில் தலைகளை எண்ணினேன். 43. அதில் இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு கடலைக்காரர். இடைவேளை வரைக்கும் மூன்று பொட்டலம் விற்ற அந்த மனிதர் என்னிடம் வந்து, "சார், நாளைக்கும் மேட்ச் உண்டா?" என்றார். "இல்லை, இன்றைக்கே ஃபைனல்" என்றேன். "அப்போ சரி" என்றார். அந்த 'அப்போ சரி'யில் இருந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து வாய்ப்பு மறுபடியும் வந்தது. இந்த முறை எங்கள் செம்மண் மைதானம்தான். கேலரி கிடையாது, ஒரு பக்கம் புளியமரம், மறுபக்கம் காம்பவுண்டு சுவர். நான் செய்த ஒரே தந்திரம், முதல்வரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அரையிறுதி, இறுதி இரண்டு நாளும் கல்லூரி பஸ்ஸை 4 மணிக்குப் பதிலாக 5.45க்கு எடுக்க வைத்ததுதான். டிரைவர்கள் முதலில் முறைத்தார்கள். அப்புறம் பார்த்தால் சுவர்மேல் முதலில் ஏறி உட்கார்ந்திருந்தது அவர்கள்தான். வெளியே ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திச் சுவருக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். எதிரே சாயாக் கடைக்காரர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். மொத்தம் நானூறு பேர் இருக்கலாம். அதே நானூறு பேரை ஸ்டேடியத்தில் உட்காரவைத்தால் துக்க வீடு மாதிரி இருந்திருக்கும். எங்கள் மைதானத்தில் திருவிழாவாக இருந்தது. மறுநாள் சுவரில் எட்டு ஹாலோபிளாக் கல் பெயர்ந்து கிடந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஆள் வந்ததற்கு அத்தாட்சி சார்" என்றேன். சிரிக்கவில்லை. பூச்சுவேலைக்கான பணம் விளையாட்டு நிதியிலிருந்து போயிற்று.

ஆனால் டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஹாக்கிக் களம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். கோட்டுக்கு வெளியே ஓடி நிற்க இடம் வேண்டும், கோலுக்குப் பின்னால் வலை கட்ட இடம் வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடியிலிருந்து வரும் அணிகள் தங்க வகுப்பறை, பாய், குளிக்கத் தண்ணீர் எல்லாம் வேண்டும். இது எதுவும் தேறாது என்றால் ஸ்டேடியத்துக்குப் போங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் செயின்ட் பால் நகரில் இருக்கிறாள். 2024இல் அங்கே நடந்த கல்லூரிப் பையன்களின் ஐஸ் ஹாக்கி இறுதிப்போட்டிக்கு அரங்கமே நிறைந்துவிட்டதாம், சுமார் 18 ஆயிரம் பேர்! அவர்கள் ஊரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நாமும் அப்படிச் செய்தால் என்ன?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நாகர்கோவில்

அம்மா, அங்கே ஓடுவது பனிக்கட்டியில், இங்கே செம்மண்ணில். ஆட்டமே வேறு. ஆனால் ஆள் சேர்க்கிற கதையில் நமக்கும் விஷயம் இருக்கிறது.

அந்தப் போட்டியை என்.சி.ஏ.ஏ. என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு 1948 முதல் நடத்திவருகிறது. முதல் பத்து வருடம் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஒரே ஊரில்தான். இப்போது 16 அணிகள். நான்கு ஊர்களில் நான்கு நான்கு அணிகளாக மோதி, ஒவ்வோர் ஊரிலும் ஜெயித்த அணி கடைசிக் கட்டத்துக்கு வரும். அந்த நால்வர் கட்டத்துக்கு 'ஃப்ரோசன் ஃபோர்' என்று பெயர். அதை நடத்த நகரங்கள் சில வருடங்களுக்கு முன்பே மனுப் போட வேண்டும். எத்தனை இருக்கை, எத்தனை ஹோட்டல் அறை, விமான நிலையம் எவ்வளவு பக்கம் என்றெல்லாம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். உங்கள் மகளின் ஊருக்கு அடுத்து 2025இல் செயின்ட் லூயிஸ். 2026க்கு லாஸ் வேகாஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பனிக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அதற்கு முன்னாலேயே ஃபுளோரிடாவின் டாம்பாவில் 2012, 2016, 2023 என்று மூன்று முறை நடத்திவிட்டார்கள். ஃபுளோரிடாவில் முதல் பிரிவில் ஆடும் கல்லூரி ஐஸ் ஹாக்கி அணி ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் கூட்டம் வந்தது. வடக்கே குளிரில் உறைந்து கிடந்தவர்களுக்கு ஏப்ரல் மாதக் கடற்கரை வெயில் ஒரு சாக்கு. 2023 இறுதியில் கூடுதல் நேரத்தின் பத்தாவது விநாடியிலேயே கோல் போட்டு க்வினிபியாக் அணி மினசோட்டாவை வென்றது. உங்கள் மகளின் அக்கம்பக்கத்தில் அந்த இரவைப் பற்றிக் கேட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மினசோட்டா அவர்கள் ஊர் அணி.

2010இல் டெட்ராய்ட் நகரில் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்துக்குள் பனித்தளம் போட்டு நடத்தினார்கள். இறுதிப்போட்டியில் பாஸ்டன் காலேஜ் விஸ்கான்சினை 5-0 என்று வீழ்த்தியது. பார்த்தவர்கள் 37,592 பேர். வேடிக்கை என்னவென்றால், அந்த நான்கு அணிகளில் ஒன்றுகூட டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநில அணி இல்லை. பலர் யார் ஆடப் போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போகிறவர் இன்றைக்கு யார் பிரசங்கம் என்று விசாரித்துவிட்டா போகிறார்? அது மாதிரி.

இதற்கு முந்தைய கட்டம் நடக்கும் நான்கு ஊர்களைப் பார்த்தால் கதை வேறு. எந்த அணி எந்த ஊருக்கு என்பது ஞாயிற்றுக்கிழமை தெரியும். சில நாட்களில் ஆட்டம், அதுவும் சில சமயம் வேலைநாள் மத்தியானம். பொதுவான ஊர், டிக்கெட் விலையும் அதிகம். பல முறை பாதி இருக்கை காலி. பேசாமல் தரவரிசையில் முன்னால் இருக்கும் அணியின் சொந்தக் கல்லூரியிலேயே நடத்துங்கள் என்று பயிற்சியாளர்கள் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள். என்னுடைய செவ்வாய்க்கிழமை 11 மணி அங்கேயும் இருக்கிறது பாருங்கள்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதானால் நான் பாஸ்டன் நகரின் 'பீன்பாட்' போட்டியைத்தான் எடுப்பேன். ஒரே ஊரைச் சுற்றியுள்ள நான்கு கல்லூரிகள். 1952இல் தொடங்கியது. பிப்ரவரியில் முதல் இரண்டு திங்கட்கிழமை மாலைகள், அவ்வளவுதான். தேதியை யாரும் தேட வேண்டியதில்லை, ஊரையும் தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் கல்லூரிகள் இல்லையா என்ன!

கேள்வி: எங்கள் கடற்கரையில் ஃபுட்பால் என்றால் நிற்க இடம் கிடைக்காது. கோவில்பட்டியில் ஹாக்கிக்கே அப்படிக் கூட்டம். நம் கல்லூரி ஹாக்கிக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?
– வாசகர், குளச்சல்

கேள்வியிலேயே பதில் இருக்கிறது அண்ணாச்சி. உங்கள் ஊர் ஃபுட்பாலில் பத்தாம் நம்பர் பனியன் போட்டவன் யாருடைய மகன், அவன் அப்பா எந்த வள்ளத்தில் போகிறார் என்பது வரைக்கும் பார்க்கிறவருக்குத் தெரியும். கோவில்பட்டியிலும் அப்படித்தான். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊரில் தெருவுக்கு ஒரு ஹாக்கி வீட்டுக்காரர் இருப்பார். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வெளிமாநில அணிகள் வருகின்றன, ஊரே எழுந்து வருகிறது. இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த மண்ணின் பிள்ளை. நம் கல்லூரி அணியில் கோல் போட்ட பையன் குலசேகரத்துக்காரன் என்று குலசேகரத்தில் யாருக்குத் தெரியும்? நோட்டீஸில் சிறப்பு விருந்தினர் பெயர் எட்டு இருக்கும், ஆடுகிறவன் பெயர் ஒன்றும் இருக்காது. அதை மாற்றுங்கள். பெயர், ஊர், அவன் ஆடும் இடம், மூன்றையும் போடுங்கள்.

இன்னொன்று, ஹாக்கி பார்க்கத் தெரியாது என்று சொல்ல நம் ஆட்களுக்கு வெட்கம். விசில் ஏன் ஊதினார்கள் என்று புரியாமலே பாதி ஆட்டம் போய்விடும். மைக் செட்டில் ஒரு பையனை உட்காரவைத்து, "இப்போது பெனால்டி கார்னர், தடுக்கிற அணியில் கோல் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்" என்று தமிழில் சொல்லவிட்டுப் பாருங்கள். 2023இல் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் இந்தியா 1-3 என்று பின்தங்கி, மலேசியாவை 4-3 என்று வென்றதை என் வீட்டில் டிவியில் பார்த்தோம். ஹாக்கி என்றால் முகம் சுளிக்கும் என் வீட்டுக்காரி அன்றைக்குப் பெனால்டி கார்னர் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். இப்போது எனக்கே சொல்லித்தருகிறாள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?
– உதவிப் பேராசிரியர், தக்கலை

தை பிறந்து பொங்கல் விடுமுறை முடிந்த இரண்டாவது வாரம். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு. மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா. விடுமுறை நாளில் வைத்தால் கூட்டம் வரும் என்று நினைக்காதீர்கள், ஹாஸ்டல் காலியாகிவிடும். ஞாயிறு காலை சபை முடியாமல் விளவங்கோடு பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள். வெள்ளி மாலை மூன்றரை மணிதான் என் கணக்கு.

கேள்வி: பெரிய மனிதர் ஒருவரை அழைத்துத் தொடங்கிவைத்தால் கூட்டம் சேருமா?
– விளையாட்டுச் செயலர், ஒரு கல்லூரி

சேரும், அவருடைய கூட்டம். அவர் போனதும் அதுவும் போய்விடும். ஒருமுறை ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வார்ம்-அப் முடித்த பையன்கள் உடம்பு ஆறி, பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து ரசவடை தின்றுகொண்டிருந்தார்கள். பரிசளிப்புக்குக் கூப்பிடுங்கள். பரிசளிப்பு தாமதமானால் கெட்டுப்போவது காபி மட்டும்தான்.

கேள்வி: என் மகள் கல்லூரி அணியில் கோல் கீப்பர். அவள் ஆடி இதுவரை நான் பார்த்ததில்லை. மைதானத்துக்குப் பெண்கள் யாரும் வருவதில்லையே, நான் மட்டும் போய் நிற்கலாமா?
– இல்லத்தரசி, இரணியல்

போங்கள் அம்மா. பெண்கள் வராததற்கு ஆட்டம் பிடிக்காதது காரணமில்லை, கழிப்பறை இல்லாததுதான் காரணம் என்று எனக்குப் புரியவே இருபது வருடம் ஆயிற்று. கட்டியிருப்பார்கள், பூட்டியிருப்பார்கள், சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் சாப்பிடப் போயிருப்பார். நான் சாவியை வாங்கி என் விசில் கயிற்றிலேயே கோத்துப் போட்டுக்கொண்ட வருடம்தான் முதன்முதலாகப் பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் கடைசி வரைக்கும் இருந்து பார்த்தார்கள். போனதும் முதலில் சாவி யாரிடம் என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். குடை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மகள் பக்கத்தில் இருக்கிறாளே என்று கோலுக்குப் பின்னால் மட்டும் போய் நிற்காதீர்கள். வலைக்கு மேலே பறந்து வரும் பந்து அங்கேதான் விழும். நடுக்கோட்டுப் பக்கமாக நில்லுங்கள். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது, காலில் கட்டிய 'பேட்' என்கிற கால்காப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும்.