இலங்கை ஹட்டன்காரர்களான நாங்கள் லண்டனில் பதிந்த கம்பனியின் தேயிலைக் களஞ்சியத்தை இன்னொரு நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. எங்களுக்காக இலங்கைத் தூதரகம் வாதாடுமா?

வாதாடாது. பங்குதாரர் எல்லாரும் ஹட்டன்காரர்களாக இருந்தாலும், லண்டனில் பதிந்த உங்கள் கம்பனி சட்டப்படி பிரித்தானியக் கம்பனிதான். நீங்கள் சொல்வதுபோல் மூன்றாம் நாட்டு அரசு தேயிலைக் களஞ்சியத்தை நட்டஈடில்லாமல் எடுத்திருந்தால், கேட்கும் உரிமை பிரித்தானியாவுக்கே.

பார்சலோனா டிராக்‌ஷன் என்ற கம்பனி பற்றிய வழக்கில் 1970இல் சர்வதேச நீதிமன்றம் தீர்த்தது இதைத்தான். கம்பனி கனடாவில் பதிந்தது. பங்குகளில் பெரும்பகுதி பெல்ஜியர் கையில். அந்தப் பங்குதாரர்களுக்காக ஸ்பெயின்மீது பெல்ஜியம் போட்ட வழக்கு எடுபடவில்லை.

பிரித்தானியாவுக்கும் அந்த நாட்டுக்கும் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ‘கம்பனி’ என்பதன் வரைவிலக்கணத்தை வரிவரியாக வாசியுங்கள். சில உடன்படிக்கைகளில் பதிவு மட்டும் போதாது, உண்மையான வியாபாரமும் நடக்க வேண்டும். தபால் முகவரி மட்டும் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பங்குலாபம், வாக்குரிமை போன்ற உங்கள் சொந்த உரிமை பறிபோயிருந்தால் இலங்கை பேசலாம். அதற்கும் முதலில் அந்த நாட்டு நீதிமன்றப் படியேற வேண்டும்.