ஈயம் என்றால் டின்னா, லெட்டா? மலாய்க்காரர்கள் சொல்லும் ‘திமா’வும் அதுதானா?

இந்தக் கேள்விக்காக எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

போன வருடம் சென்னையிலிருந்து பினாங்குக்கு வந்திருந்த அண்ணன் மகள், அம்மா ஈயச் சொம்பில் ரசம் வைப்பதைப் பார்த்துப் பதறிவிட்டாள். “பாட்டி, ஈயம் விஷம்னு பாடத்துல இருக்கு!” அம்மாவுக்குக் கோபம். அவருக்கு ஈயம் என்றால் பேராக் ஈயக்குட்டைகளில் தோண்டி, இங்கே டத்தோ கிராமட் சாலை ஆலையில் உருக்கிய ஈயம். அது எப்படி விஷமாகும்?

இருவர் சொன்னதும் சரிதான். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஈயம் லெட். மலேசியாவில் நமக்கு ஈயம் என்றாலே டின்.

குழப்பம் புதிதல்ல. அந்தக் காலத்தில் இரண்டையும் ஒரே குடும்பமாக வைத்து நிறத்தால்தான் பிரித்தார்கள். தமிழில் டின் வெள்ளீயம், லெட் காரீயம். மலாயில் திமா புத்தே, திமா ஹீத்தாம். அங்கும் வெள்ளை, கறுப்புதான். முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினியும் ‘பிளம்பம்’ இரண்டு வகை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றே எழுதினார். (குழாய் ரிப்பேர் செய்ய வரும் பிளம்பரின் பெயர் இதிலிருந்து வந்ததுதான்; அன்றைய குழாய்கள் லெட்.) ஈயம் என்ற சொல்லே வடமொழி ‘சீச’த்தின் வழிவந்தது என்பார்கள். சீசம் கறுப்பு வகை. அந்த வகையில் அண்ணன் மகள் பக்கம்தான் பலம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு சொல். பித்தளைப் பாத்திரத்துக்குக் ‘கலாய்’ பூசுவார்கள் இல்லையா, அந்தக் கலாய் அரபியில் ‘கலயீ’, அதாவது கலா என்ற ஊரின் டின். அரபு வணிகர்கள் எழுதிவைத்த அந்தக் கலா மலாய்த் தீபகற்பத்துத் துறைமுகம். கெடாவாக இருக்கும் என்பது பலரின் கணிப்பு. 1025-இல் ராஜேந்திர சோழன் படையனுப்பிய கடாரமும் கெடாதான். எங்கள் பக்கத்து மாநிலத்துப் பெயர் தஞ்சாவூர்ப் பாத்திரக்காரர் வாயில் புழங்குகிறது!

சரி, சொம்பு வாங்கப் போகிறீர்கள் என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். லெட் டின்னைவிட ஒன்றரை மடங்கு கனம். டின் துண்டு கிடைத்தால் காதருகே வைத்து வளையுங்கள், கறகறவென்று முனகும். லெட் சத்தமே போடாது. அப்புறம், ரசம் ஊற்றாமல் சொம்பை அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். டின் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அம்மாவின் முதல் சொம்பு அப்படித்தான் போனது.