சாமுராய் வரலாற்று உரைகளை இணையத்தில் பகிர்ந்தேன். கடிதம் வந்திருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: குடும்பத்தோடு தோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். ஐ.டி. வேலை. சாமுராய்களின் வரலாறு என்றால் எனக்கு உயிர். ஒரு பல்கலைக்கழகம் பொதுமக்களுக்கு நடத்தும் மாலை வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பேராசிரியரின் 12 உரைகளையும் கைப்பேசியில் பதிவு செய்து, தமிழில் வசனவரிகள் சேர்த்து யூடியூபில் ஏற்றினேன். நான் விலைக்கு வாங்கிய 9 நூல்களை ஸ்கேன் செய்து டெலிகிராம் குழுவில் போட்டேன். குழுவில் 640 பேர், பெரும்பாலும் தமிழ்நாட்டு மாணவர்கள். யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. இப்போது யூடியூப் இரண்டு காணொளிகளை நீக்கிவிட்டது. ஒரு பதிப்பகம், பத்து நாளில் பதில் சொல்லச் சொல்லி ஜப்பானிய மொழியில் கடிதம் அனுப்பியிருக்கிறது. படிப்புக்காகப் பகிர்ந்தது குற்றமா? என் விசாவுக்கு ஆபத்து வருமா?

பதில்: முதலில் இன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டெலிகிராமில் இருக்கும் ஒன்பது கோப்புகளையும், மிச்சமிருக்கும் பத்துக் காணொளிகளையும் இன்றே எடுத்துவிடுங்கள். அதற்கு முன்பு ஒவ்வொன்றையும் என்றைக்கு ஏற்றினீர்கள், எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பயத்தில் கணக்கையே மொத்தமாக அழித்துவிட வேண்டாம். பார்வை எண்ணிக்கைதான் பின்னால் இழப்பீட்டுத் தொகையாக மாறும். திரைப்படங்களைச் சுருக்கி யூடியூபில் போட்ட இருவர் மீதான வழக்கில், ஒரு பார்வைக்கு 200 யென் என்று கணக்கிட்டு, 50 கோடி யென் கொடுக்கும்படி 2022-இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் விளம்பரப் பணத்துக்காகச் செய்தவர்கள், உங்கள் கதை வேறு. ஆனாலும் எண்ணிக்கை குறைவு என்றால் அதைக் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். வாயால் பேசியது யாருக்கும் சொந்தமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானின் பதிப்புரிமைச் சட்டம் 10-ஆவது பிரிவில் புதினம், கட்டுரை ஆகியவற்றோடு சொற்பொழிவையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பொதுவெளியில் நடக்கும் அரசியல் பேச்சு போன்றவற்றுக்கு மட்டும் 40-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. பேராசிரியரின் வகுப்புரை அதில் வராது. நீங்கள் கட்டிய கட்டணம் உட்கார்ந்து கேட்பதற்கானது. உங்களுக்காக மட்டும் பதிவு செய்து வீட்டில் திரும்பக் கேட்பதை 30-ஆவது பிரிவு தடுக்காது. ஆனால் பதிவு செய்யக் கூடாது என்று வகுப்பின் விதிமுறையில் எழுதியிருந்தால் அது தனி ஒப்பந்த மீறல், அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பாருங்கள். யூடியூபில் ஏற்றியதுமே 23-ஆவது பிரிவு சொல்லும் பொதுப்பரப்பு உரிமை மீறப்பட்டுவிடுகிறது. ஒருவர்கூடப் பார்க்காவிட்டாலும், பார்க்கக்கூடிய நிலையில் வைத்ததே போதும்.

தமிழ் வசனவரிகளுக்கு நீங்கள் எவ்வளவு இரவுகளைக் கொடுத்திருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நிலத்தை ஆண்ட பிரபுவான 'தைம்யோ', தலைவனை இழந்த சாமுராயான 'ரோனின்' என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் சொல் தேடுவது லேசான வேலை இல்லை. அதனால்தான் இதைச் சொல்லவே மனம் கஷ்டப்படுகிறது: மொழிபெயர்க்கும் உரிமையும் அந்தப் பேராசிரியருடையதே.

காசு வாங்கவில்லையே என்கிறீர்கள். லாப நோக்கில்லாமல், இலவசமாக, மக்கள் முன்னால் ஒரு நூலை வாசித்துக் காட்ட 38-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்தச் சலுகை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடும், இணையத்துக்குச் செல்லாது. படிப்புக்காகத்தான் என்பதற்கும் 35-ஆவது பிரிவு இருக்கிறது. 2018-இல் திருத்தி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, ஆசிரியர்கள் இணையம் வழியாகவும் பாடப்பொருளை அனுப்பலாம். ஆனால் அது லாப நோக்கில்லாத கல்வி நிறுவனத்தில், ஆசிரியருக்கும் அந்த வகுப்பு மாணவர்களுக்கும் இடையில் மட்டும். 640 பேர் உள்ள டெலிகிராம் குழு வகுப்பறை ஆகாது.

அடுத்து நூல்கள். நூலின் முதுகை வெட்டி, தாள் தாளாக ஸ்கேன் செய்வதற்கு ஜப்பானில் 'ஜிசுய்' என்று பெயர், சொந்தமாகச் சமைப்பது என்று அர்த்தம். பெயருக்கேற்ப உங்கள் வீட்டில், உங்கள் நூலை, உங்களுக்காகச் செய்தால் தவறில்லை. கூலிக்கு ஸ்கேன் செய்து கொடுத்த கடைகள் உரிமையை மீறுகின்றன என்று அறிவுசார் சொத்து உயர் நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, முழு நூலையும் ஊருக்கே பகிர்வதை எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே இறக்கிக்கொள்வதும் ஜப்பானில் சட்டவிரோதம். 2021 ஜனவரி முதல் நூல்களுக்கும் இது பொருந்தும். குழுவில் ஜப்பானில் வசிப்பவர்கள் இருந்தால் அவர்களையும் சிக்கலில் விட்டிருக்கிறீர்கள்.

தமிழ்நாட்டு மாணவர்கள் தில்லிப் பல்கலைக்கழக நகல் கடை வழக்கை மேற்கோள் காட்டுவார்கள். மாணவர்களுக்குச் சாதகமாக 2016-இல் வந்த நல்ல தீர்ப்புதான் அது. ஆனால் அது பாடத்திட்டத்தின்படி ஆசிரியர் பரிந்துரைத்த பக்கங்களைத் தொகுத்து நகலெடுத்தது பற்றியது. உங்களுக்கு நெருக்கமான வழக்கு 2022 ஆகஸ்டில் அதே தில்லி உயர் நீதிமன்றத்தில் வந்தது. ஒரு பயிற்சி ஆசிரியரின் உரைகளையும் நூல்களையும் டெலிகிராமில் பரப்பியவர்களின் விவரங்களைக் கொடுக்கும்படி டெலிகிராம் நிறுவனத்துக்கு உத்தரவு போனது, நிறுவனமும் கொடுத்தது. டெலிகிராமில் நம் பெயர் தெரியாது என்று நம்பியிருக்க வேண்டாம். இந்தியச் சட்டம், உரை நிகழ்த்துபவரைப் பாடகரையும் நடிகரையும் போல 'நிகழ்த்துநர்' என்ற வரையறைக்குள்ளும் வைத்திருக்கிறது.

எந்த நூலைத் தாராளமாகப் பகிரலாம்? எழுதியவர் எப்போது இறந்தார் என்று பாருங்கள். ஜப்பானில் முன்பு இறப்புக்குப் பின் 50 ஆண்டு. 2018 டிசம்பர் 30 முதல் 70 ஆண்டு. 1967-லோ அதற்கு முன்போ இறந்தவரின் நூல்கள் பொதுவாக விடுதலையாகிவிட்டன. 1968-இல் இறந்தவருக்கு 2038 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஓர் ஆண்டு வித்தியாசத்தில் இருபது ஆண்டு தள்ளிப்போகிறது. உங்கள் ஒன்பதில் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சான்சமின் மூன்று தொகுதி ஜப்பான் வரலாறு இருக்கக்கூடும், இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் அதைத் தொடுவார்கள். அவர் 1965-இல் இறந்தார். ஜப்பானில் அந்த மூன்று தொகுதிகளுக்கும் உரிமை முடிந்துவிட்டது. இறப்புக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் இந்தியாவில் 2025 முடிவோடு முடிகிறது. பிரிட்டனில் 2035 வரை உண்டு. ஒரே நூல், நாட்டுக்கு ஒரு பதில்! இனாசோ நிதோபே 1933-இல் இறந்ததால் அவர் சாமுராய்களின் நெறியான புஷிதோவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் இந்தக் குழப்பமே இல்லை. வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி இறந்தது 1645-இல், அவருடைய மூல எழுத்தும் யாருக்கும் உரியது. ஆனால் அதை அண்மையில் மொழிபெயர்த்தவரின் ஆங்கிலம் அவருக்குச் சொந்தம். அந்தப் பிரதியைப் போடக் கூடாது.

படங்களையும் கவனியுங்கள். பழைய சுருள் ஓவியத்தை நேர்முகமாக அப்படியே எடுத்த படத்துக்குப் பொதுவாகத் தனி உரிமை எழாது. ஒரு கவசத்தைக் கோணமும் வெளிச்சமும் பார்த்து எடுத்த படத்துக்கு எழும். ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்களின் கோல்பேஸ் தளத்தில் வாள், கவசம் எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

இத்தனையும் படித்துவிட்டு, இனிமேல் எதுவுமே செய்ய முடியாதோ என்று சோர்ந்துவிடாதீர்கள். 1600-இல் நடந்த செக்கிகஹாராப் போரில் யார் எந்தப் பக்கம் நின்றார், யார் கடைசி நேரத்தில் மாறினார் என்பதற்கு உரிமையாளர் கிடையாது. சட்டம் காப்பது சொன்ன விதத்தை மட்டும்தான். திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவாவின் குடும்பத்தார், 2003-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஒளிபரப்பிய முசாஷி தொடர் 'ஏழு சாமுராய்' படத்தைத் தழுவியது என்று வழக்குப் போட்டார்கள். ஒற்றுமை கருத்தளவில்தான் என்று சொல்லித் தோக்கியோ நீதிமன்றம் 2004-இல் தள்ளுபடி செய்தது, மேல்முறையீடும் நிற்கவில்லை. ஆகவே அதே வரலாற்றை உங்கள் தமிழில், உங்கள் வரிசையில் நீங்கள் சொல்லலாம். பேராசிரியரின் கருத்தை விவாதிக்கும்போது தேவையான சில வாக்கியங்களை அவர் பெயரோடு மேற்கோள் காட்டவும் 32-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. உங்கள் பேச்சு மையமாகவும், மேற்கோள் அதற்குத் துணையாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்டனையை மறைக்காமல் சொல்கிறேன். ஜப்பானில் உச்ச அளவு பத்தாண்டு சிறை, ஒரு கோடி யென் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் லாப நோக்கில்லாதவர் மீது பெரும்பாலும் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் வழக்கு நடக்கும். உடனே நீக்கி, வருத்தம் தெரிவித்து, மீண்டும் செய்வதில்லை என்று எழுதிக் கொடுப்பவரோடு பேசித் தீர்க்க வழி இருக்கிறது. கடிதம் வந்ததாலேயே விசா போய்விடாது. தண்டனை பதிவானால்தான் கவலை. நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது நன்னடத்தையைப் பார்ப்பார்கள்.

அந்தப் பத்து நாளைத் தவறவிடாதீர்கள். ஆனால் நீங்களே கூகுள் மொழிபெயர்ப்பை வைத்துப் பதில் எழுதவும் வேண்டாம். இந்திய வழக்கறிஞரான நான் அங்கே உங்களுக்காக ஆஜராக முடியாது. ஜப்பானிய வழக்கறிஞர் ஒருவரை, பெங்கோஷி என்பார்கள், பார்த்தாக வேண்டும். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் ஹோதெராசு என்ற அரசுச் சட்ட உதவி மையத்தை அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம்.

அப்புறம், பேராசிரியருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். பதிவு செய்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். எத்தனை தமிழ் மாணவர்கள் அவர் உரையைக் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். தமிழ் வசனவரிகளோடு எந்த உரையையாவது வெளியிட எழுத்தில் அனுமதி தருவாரா என்று கேளுங்கள். இதையும் அனுப்பும் முன் அந்தப் பெங்கோஷியிடம் காட்டிவிடுங்கள், ஒப்புக்கொள்ளும் வார்த்தைகளை அவர் பார்த்துத் திருத்தட்டும். பேராசிரியர் சம்மதித்தால் தேதி, உரைகளின் தலைப்பு, எந்தத் தளம் என்பதெல்லாம் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.