அடுத்த அக்கா எத்தனை நாள் இருப்பாங்க?

வணக்கம்.

குழந்தைகள் நலப் பணியில் நான்கு வருடம் இருந்தேன். போன மாதம் விலகிவிட்டேன். கடைசியாகப் பார்க்கப் போனபோது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, “அடுத்த அக்கா எத்தனை நாள் இருப்பாங்க?” என்று கேட்டாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அலுவலகச் சூழல் தாங்காமல்தான் வந்தேன். குழந்தைகளுக்கான வேலையில் என் மனக்கஷ்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டது சுயநலமா? இப்போது வேறோர் இடத்தில் மேற்பார்வையாளராகக் கூப்பிடுகிறார்கள். தயக்கமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சுயநலம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சிறுமியின் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. அதற்கு ஒரு பதில் எழுத்திலேயே இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பணியாளர்கள் சராசரியாக இரண்டு வருடம்கூட நிலைப்பதில்லை என்றது. குறைந்த சம்பளம், தலைக்கு மேல் கேஸ், எழுத்து வேலை, கேட்க ஆளில்லாத மேற்பார்வை என்று அவர்கள் விலகும் காரணங்களையும் அடுக்கியது. நீங்கள் நான்கு வருடம் இருந்திருக்கிறீர்கள்.

ஒருவர் விலகும்போது கோப்பு அடுத்தவர் கைக்குப் போய்விடும். கோப்பில் ‘தூக்கம் சரியில்லை’ என்று இருக்கும். விளக்கை அணைத்தால் பயப்படுவாள், கதவு பாதி திறந்திருந்தால் தூங்கிவிடுவாள் என்பது விலகியவரோடு போய்விடும். புதிதாக வருபவர் “வீட்டில் என்ன நடந்தது, சொல்லும்மா” என்று மறுபடி முதலிலிருந்து கேட்பார். மூன்றாவது முறை கேட்கும்போது குழந்தை அதைப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லும். கேட்பவர், இவள் தேறிவிட்டாள் என்று எழுதிக்கொள்வார். எனக்கு மிகவும் பயமாக இருப்பது இந்த இடம்தான்.

அமெரிக்காவின் மில்வாக்கியில் 2003, 2004 ஆண்டுகளில் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு அரசுப் பராமரிப்புக்கு வந்த குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோரிடம் திரும்பியோ தத்துப்போயோ நிரந்தர வீட்டை அடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே பணியாளர்தான் இருந்திருக்கிறார். ஆள் மாற மாற எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. சிக்கலான கேஸ் இழுத்துக்கொண்டே போகும், அதனாலும் ஆள் மாறியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், பழியெல்லாம் ஆள் மாற்றத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் புது ஆள் கேஸைப் படித்து முடிப்பதற்குள் நீதிமன்றத் தேதி தள்ளிப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நேரான பதில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த ஆய்வில் இருக்கிறது. சார்லஸ் கிளிசன், ஆன்டனி ஹெம்மல்கார்ன் இருவரும் 32 அரசு அலுவலகங்களையும் அவற்றின் பொறுப்பிலிருந்த 250 குழந்தைகளையும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1998இல் எழுதினார்கள். குழந்தைகளின் மனநிலையும் நடத்தையும் தேறியதற்கும் அலுவலகச் சூழலுக்கும்தான் மிக நெருக்கமான தொடர்பு இருந்தது. சண்டை சச்சரவு குறைவு, என் வேலை எது என்ற தெளிவு, ஒருவருக்கொருவர் கைகொடுப்பது, இவ்வளவுதான் அந்தச் சூழல். துறைகளை ஒருங்கிணைக்கச் செய்த ஏற்பாடுகளோ சேவையின் தரத்தைக் குறைத்திருந்தன. பொறுப்பு பலர் கைக்குப் போனால், ‘இது என் குழந்தை’ என்று நினைக்க ஒருவரும் மிஞ்சுவதில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஆக, மனம் மரத்துப்போய் நீங்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், சுவரோரம் பேசாமல் நிற்கிற குழந்தை கண்ணில் படாது. உங்கள் கஷ்டத்தையும் அவள் நலனையும் தராசின் இரண்டு தட்டில் வைக்காதீர்கள்.

சரி, புது வேலை. போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சேர்வதற்கு முன்னால் கேளுங்கள்: ஒருவருக்கு எத்தனை கேஸ்? போன வருடம் எத்தனை பேர் விலகினார்கள்? விலகியவரின் கேஸ்களை யார் தலையில் கட்டினார்கள்? இருப்பவர்களுக்கே பிரித்துக் கொடுத்தோம் என்றால், அடுத்து விலகப்போவது அவர்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு, வாரம் ஒரு மணி நேரம் ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருங்கள். ஃபைல் பார்க்க வேண்டாம். இந்த வாரம் எந்தக் குழந்தை தூக்கத்தைக் கெடுத்தது என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், யாராவது விலகினால், அடுத்து வருபவரை அவரோடு ஒருமுறையாவது அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு அக்காக்களும் சேர்ந்து வந்து உட்காரட்டும். கதவு பாதி திறந்திருக்க வேண்டும் என்பதைப் பழையவர் குழந்தையின் முன்னாலேயே புதியவரிடம் சொல்லட்டும்.