கஷாயமாகிப்போன டைக்கிரி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காக்டெய்ல் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு வீட்டில் டைக்கிரி செய்தேன். வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. நன்றாகவே வந்தது. அடுத்த வாரம் நண்பர்கள் வந்தபோது நம்மூர் டைக்கிரி ஒன்றைச் செய்து அசத்த நினைத்தேன். மிளகு, துளசி, இஞ்சி மூன்றையும் ரம்மில் மூன்று நாள் ஊறப்போட்டேன். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. எலுமிச்சையோடு கொஞ்சம் புளிக்கரைசல். ஒரு வாய் குடித்த நண்பர், “வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?” என்று கேட்டார். எங்கே தவறினேன்? நூல்களில் லைம் என்று இருப்பது நம் எலுமிச்சைதானா? என் மனைவி மது அருந்துவதில்லை. அவருக்கும் ஒரு கோப்பை கொடுக்க வழி உண்டா?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் நண்பருக்கு நல்ல நாக்கு. மிளகு, துளசி, இஞ்சி, கருப்பட்டி என்பது சளிக்குக் கஷாயம் வைக்கிற சாமான் பட்டியல் அல்லவா? இருபது வருடம் குடித்துப் பழகிய மருந்தை அவர் ஒரே வாயில் கண்டுபிடித்துவிட்டார்.

பெரிய சேதம் மிளகால் வந்தது. மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளில் இருக்கிறது. தண்ணீரில் அது மிகக் கொஞ்சமே கரையும். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். ரசத்தில் கொதித்த பிறகும் அடக்கமாக இருக்கிற மிளகு, ரம்மில் மூன்று நாள் கிடந்தால் தொண்டையைப் பிடுங்கத்தான் செய்யும். எதை ஊறவைத்தாலும் மணிக்கு ஒரு முறை ருசி பாருங்கள். போதும் என்று தோன்றியதும் வடிகட்டிவிடுங்கள். எலுமிச்சை இருக்கும்போது புளி எதற்கு என்பது எனக்கு விளங்கவே இல்லை.

கியூபாவில் சாந்தியாகோ நகருக்கு அருகே டைக்கிரி என்ற ஊர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலைபார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைக் கலந்தார் என்பது வழக்கமான கதை. ஆனால் 1740இலேயே பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் வெர்னன், மாலுமிகளுக்கான ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்கும்படி உத்தரவிட்டபோது, விரும்பியவர்கள் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. அதாவது ரம், புளிப்பு, இனிப்பு என்ற கூட்டணி காக்ஸுக்கு வெகு காலம் மூத்தது. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று உங்களுக்கே தெரியாது.

நான் மாற்றுவது இனிப்பை. சர்க்கரைப் பாகுக்குப் பதில் நன்னாரி. எலுமிச்சையும் நன்னாரியும் நம் சர்பத் கடைகளில் எப்போதோ சேர்ந்துவிட்டவை, புதிதாகப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, நன்னாரிப் பாகு 15. சில கடைப் பாகுகளில் சிட்ரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். லேபிளில் அப்படி இருந்தால் சாற்றை 15ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ரம்மில் நன்னாரியின் மண்வாசம் தெளிவாக எழும். ஓல்ட் மங்க் போன்ற கறுப்பு ரம்மில் அது வெனிலா வாசத்துக்குள் ஒளிந்துகொள்ளும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

குலுக்குவதற்கென்று ஷேக்கர் வாங்கப் போக வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள, அகன்ற வாய் எவர்சில்வர் பாட்டில் போதும். ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த கெட்டியான ஐஸ் கட்டிகளைப் பாதிவரை போடுங்கள். வெளியே வைத்து வியர்த்துப்போன ஐஸ் பானத்தைத் தண்ணீராக்கிவிடும். பத்துப் பதினைந்து விநாடி, கை வலிக்கிற மாதிரி குலுக்குங்கள். பாட்டிலின் மேல் முதலில் நீர் முத்து முத்தாக அரும்பும், பிறகு வெள்ளையாகப் பூக்கும், விரல் ஒட்டும். அதுதான் நிறுத்த வேண்டிய இடம். டீ வடிகட்டியில் வடித்து, முன்பே குளிரவைத்த சின்னக் கோப்பையில் ஊற்றுங்கள். 60 மில்லி ரம் என்பது மதுக்கடைக் கணக்கில் ஒரு லார்ஜ். இனிப்பும் புளிப்பும் அதை மறைத்துவிடும், நீங்கள் மறக்காதீர்கள்.

நூல்களில் சொல்கிற லைம் பச்சைப் பழம். பெரிய மஞ்சள் லெமன் வேறு. நம் சந்தையில் கிடைக்கிற சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சை தாராளமாகச் செல்லும். ஒரு தடவை மாலை விருந்துக்குக் காலையிலேயே ஒரு டம்ளர் சாறு பிழிந்து வைத்து நான் பட்ட அவமானம் தனிக் கதை. மாலைக்குள் வாசம் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆள் வந்து உட்கார்ந்த பிறகு பிழியுங்கள், தோலின் கசப்பு இறங்கும்படி முறுக்கிப் பிழியாதீர்கள்.

உங்கள் மனைவிக்கு ரம்மை விட்டுவிட்டு, தண்ணீர் 60 மில்லி சேர்த்து அதே மாதிரி குலுக்குங்கள். சர்பத்தான், ஆனால் மேலே மெல்லிய நுரையோடு வரும். ஒரு சிட்டிகை உப்பும் போடலாம். அவருடையதை முதலில் செய்துவிடுங்கள். பாட்டிலைக் கழுவுகிற வேலை மிச்சம்.